கடை என்னும் ஒரு சொல்

அரபு மதரஸாக்களில் பாடம் ஓதியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நூலைக் கையில் எடுத்தாலும், அதன் மூலத்தை, ‘மத்ன்’ என்பார்களே, அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, வினை எது, வினைமுதல் யார், செயப்படுபொருள் எது என்று பார்த்த பிறகே பொருள் கூறத் தொடங்குவார்கள். உரையும், உரைக்கு உரையும் அதற்குப் பின்னர்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணமும் தமிழும் சொல்லிக் கொடுத்து வருகிற நமக்கு இப்பழக்கம் இரத்தத்தில் ஊறிவிட்டது. மளிகைக் கடைச் சிட்டையிலும் எழுவாயைத் தேடுகிற கண் என்று வீட்டார் நம்மைக் கேலி செய்வதுண்டு.

இந்திய அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளையும் அப்படித்தான் ஒருமுறை அமர்ந்து ஓத நேர்ந்தது. அதற்குக் காரணம் நம்மிடம் வரும் பெற்றோர்கள். பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் விண்ணப்பங்களைத் தூக்கிக்கொண்டு மதரஸாத் திண்ணைக்கு வருகிறார்கள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபின் ஒரு கேள்வி பிறக்கும்: “நம்ம பிள்ளைகளை ஒதுக்கினால் கேட்பதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா ஹஜ்ரத்?” ஊர்க் கூட்டங்களில் இதற்கு இரண்டு விடைகள் வழக்கமாகக் கிடைக்கின்றன. எல்லாம் இருக்கிறது என்பார் ஒருவர். எதுவும் இல்லை என்பார் மற்றவர். இருவரும் உரக்கப் பேசுவார்கள். இரண்டுமே உண்மையன்று என்பது மூலத்தை ஓதிய போதுதான் விளங்கிற்று.

15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே வினைமுதல் ‘அரசு’. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கி எந்தக் குடிமகனுக்கும் எதிராக அரசு பாகுபாடு செய்யலாகாது என்பது அதன் கருத்து. 16ஆம் பிரிவு அரசுப் பணிக்கு உரியது. அங்கே ஐந்து காரணங்கள் ஏழாகின்றன. வமிசமும் வசிக்கும் இடமும் சேர்ந்துகொள்கின்றன. 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கல்விக்கூடங்களைப் பற்றியது. அரசு நடத்துவதாயினும், அரசின் நிதியுதவி பெறுவதாயினும், மதம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டுமே காரணமாக்கி எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுத்தல் ஆகாது. இந்தக் கடைசிப் பிரிவு நாம் நிறுவிய நிதியுதவி பெறும் கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும் என்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை.

மூன்று இடங்களிலும் வரும் ‘மட்டுமே’ என்னும் சொல் சாதாரணமானதன்று. நன்னூல் படித்தவர்கள் அதைப் பிரிநிலை ஏகாரம் என்பார்கள்; அரபு அணியிலக்கணத்தார் ‘ஹஸ்ர்’ என்பார்கள். ஒன்றைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் சொல் அது. மதம் ஒன்றே காரணமாயிருந்தால் சட்டம் பாயும். மதத்தோடு வேறொரு காரணமும் கலந்திருந்தது என்று எதிராளி சொல்லிவிட்டால் வாதம் நீளும். ஒரு சின்னஞ்சிறு ஏகாரத்தில் எத்தனை குடும்பங்களின் வயிறு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இலக்கணம் வெறும் ஏட்டுக் கல்வியன்று என்பது புரியும்.

இந்த ஏகாரம் நம் மாநிலத்தில் ஒரு வரலாற்றையே புரட்டியிருக்கிறது. அதை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க வேண்டும். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1920களின் பிற்பகுதியில், எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது, அது உறுதியான பங்கீடாயிற்று. 12 அரசுப் பணியிடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1 என்பது கணக்கு. நாடு விடுதலை பெற்ற 1947இல் அது 14 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. அப்போது முஸ்லிம்களின் பங்கு 14இல் 1. பொறியியல், மருத்துவக் கல்லூரி இடங்களும் இதே வாய்பாட்டில் பகிரப்பட்டன.

அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இரு பிராமண மாணவர்கள், சம்பகம் துரைராஜனும் சீனிவாசனும், வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். சம்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பதை உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறது. வரலாற்றின் பெரிய கதவுகள் சில நேரம் இப்படித்தான் திறக்கின்றன! 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. அதே நாளில் வேலைவாய்ப்பைப் பற்றிய வழக்கொன்றிலும் தீர்ப்பு வந்தது. வெங்கடரமணா என்பவர் தொடுத்த வழக்கு அது. 83 மாவட்ட முன்சீப் பதவிகளை ஹரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11 என்று பிரித்திருந்தார்கள். ஹரிஜனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் உரிய ஒதுக்கீடு நிலைக்கும். ஏனையவை மதத்தையும் சாதியையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை, ஆகவே நில்லா என்பது தீர்ப்பு.

பாகுபாட்டைத் தடுக்க எழுதிய வாக்கியம், பாகுபாட்டுக்கு மாற்றாக நம் மாநிலம் கண்டிருந்த ஏற்பாட்டையே வெட்டிற்று. நீதிபதிகளைக் குறை சொல்வதற்கில்லை. மூலத்தில் ஏகாரம் இருக்கிறது. ஓதியவர்கள் இருந்தபடி ஓதினார்கள். தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ந்தெழ, பாராளுமன்றம் 1951 ஜூனில் முதல் திருத்தத்தை நிறைவேற்றி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்றாயிற்று. ஆனால் ‘முஸ்லிம்’ என்ற பெயரில் இருந்த 14இல் 1 திரும்பி வரவில்லை. சமயத்தின் பெயரால் இழந்ததைப் பின்தங்கிய நிலையின் பெயரால்தான் இனிப் பெற முடியும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் அதே 1951இல்தான் தொடங்கப்பட்டன. ஆணை போன ஆண்டில் கல்லூரி வந்தது தற்செயலாகவே இருக்கட்டும். அவற்றின் வாசல் எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது என்பது நமக்குப் பெருமை.

தமிழ்நாட்டின் இன்றைய ஏற்பாடு 2007இல் பிறந்தது. பிற்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டுக்குள்ளேயே பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் அதே அளவு தரப்பட்டது. ஆனால் அவர்கள் கணக்குப் பார்த்து, பொதுப் பட்டியலில் இருப்பதே தங்களுக்கு நலம் என்று கேட்டு 2008இல் விலகிக்கொண்டார்கள். கணக்குப் பார்ப்பதில் நாமும் அவர்களைப் பின்பற்றலாம்!

இந்தச் சட்டத்தின் பட்டியலில் ‘முஸ்லிம்’ என்ற தனிச்சொல் போதாது. அன்சார், தக்கண முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், செய்யது என்று ஏழு பெயர்கள் உள்ளன. இவற்றுள் ஒன்று சான்றிதழில் ஏற வேண்டும். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று காலை வகுப்பில் ஓதிக்கொடுத்துவிட்டு, பிற்பகலில் அதே பிள்ளையின் விண்ணப்பத்தில் ‘லெப்பை’ என்று எழுதிக் கொடுக்கிறோம். இதில் முரண் இல்லையா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நோயின் பெயரை மருத்துவச் சீட்டில் எழுதுவதால் நோயை விரும்புகிறோம் என்று ஆகாது என்றோம். அவன் முழுமனத்தோடு ஏற்றதாகத் தெரியவில்லை. ஏற்க வேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை.

அந்த ஏழு பெயருள் எதிலும் அடங்காமல் நெடுங்காலம் நின்றவர்கள் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள். தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்குரிய 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. முஸ்லிமான தலித்துக்கு அதில் இடமில்லை. மாநிலத்தின் பிற்பட்டோர் பட்டியலிலும் அவர் எந்தப் பெயரில் நுழைவார்? கலிமா சொன்னவர் ராவுத்தராவதும் மரைக்காயராவதும் எப்படி? 2022இன் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மதம் மாறியவர் பிற்பட்ட முஸ்லிம் என்ற ஒதுக்கீட்டைக் கோர முடியாதென்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2024 மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்து, பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், சீர்மரபினர், தாழ்த்தப்பட்டோர் வகுப்புகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்றது. நம் ஊர்களில் புதிய முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் இந்த ஆணையை அவர்களிடம் கொண்டு சேர்ப்பது ஜமாஅத்தின் வேலை. பெயர் சூட்டு விழா நடத்திப் பிரியாணி பரிமாறியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம்.

இதுவரை கூறிய எல்லாவற்றிலும் வினைமுதல் அரசே. அரசின் கதவு எங்கே அடைபட்டாலும் தட்டுவதற்கு வழி இருக்கிறது. தேர்வாணையத்தின் தேர்வில் மதிப்பெண் உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைக் கேட்டுப் பெறலாம். அநீதி என்று தோன்றினால் நீதிமன்றம் செல்லலாம். வழி நீளமானதுதான், ஆனாலும் வழி. ஆனால் நம்மிடம் விண்ணப்பம் எழுத வரும் பத்துப் பிள்ளைகளில் அரசு வேலைக்குப் போகிறவன் ஒருவனோ இருவரோ. மற்றவர்கள் ஜவுளிக் கடைக்கும், கணினி நிறுவனத்துக்கும், தனியார் வங்கிக்கும், மருத்துவமனைக்கும் போகிறார்கள். அங்கே வினைமுதல் யார்?

இந்தக் கேள்வியோடு 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுக்கு வந்தோம். வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்! அங்கே ‘அரசு’ என்ற வினைமுதல் காணோம். அரபு இலக்கணத்தில் ‘மஜ்ஹூல்’ என்றொரு வினை உண்டு. தமிழில் செயப்பாட்டு வினை. செய்தவன் பெயர் மறைந்திருக்கும். கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுள் நுழைவதிலும், பொதுக் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும், மதம், சாதி முதலிய காரணங்களால் எந்தக் குடிமகனும் தடைக்கு உள்ளாக்கப்படலாகாது என்பது அவ்வுட்பிரிவு. யாரால் உள்ளாக்கப்படலாகாது என்று சொல்லவில்லை. சொல்லாததால் எவராலும் ஆகாது. அரசைக் கடந்து தனிமனிதனையும் கட்டுப்படுத்துகிற மிகச்சில வாக்கியங்களுள் இது ஒன்று. நூற்றாண்டுகளாகக் குளத்தில் இறங்கவும் கடையில் ஏறவும் தடுக்கப்பட்ட மக்களின் கண்ணீர் இதற்குப் பின்னால் இருக்கிறது.

‘கடை’ என்றால் என்ன என்று அரசியல் நிர்ணய சபையிலேயே கேள்வி எழுந்தது. 1948 நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் அதற்கு மிக விரிந்த பொருள் கூறினார். சேவை நாடி வருபவருக்குச் சேவை தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்பது அவர் விளக்கத்தின் சாரம். 2011இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் அந்த விரிவை எடுத்துக்கொண்டு, கல்வியைச் சேவையாக வழங்கும் தனியார் நிறுவனங்களும் அச்சொல்லில் அடங்கும் என்றது. ஆகவே சட்டம் வாடிக்கையாளனைக் காக்கிறது, மாணவனையும் அணைத்துக்கொள்கிறது. அதே கடைக்கு வேலை கேட்டுப் போகிறவன்? சேவை நாடி வருபவன் அல்லன் அவன். சேவை தர வருபவன். ஆகையால் மூலத்தின் எல்லையில் நின்றுவிடுகிறான். துணி வாங்க நுழையும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. துணி விற்க நுழையும் உரிமை எழுதப்படவில்லை.

நம்மிடம் சிறுவயதில் காலை மதரஸாவில் ஓதிய இளைஞர் ஒருவர் வணிகவியல் பட்டம் பெற்றார். வகுப்பில் முதல் மூவருள் ஒருவர். பெருநகரத்து நிறுவனங்கள் பலவற்றுக்கு விண்ணப்பித்தும் பதில் இல்லை. அவரைவிட மதிப்பெண் குறைந்த நண்பருக்கு அதே விளம்பரத்துக்கு அழைப்பு வந்தது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளுக்கருகே நம்மிடம் வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், பெயரைச் சுருக்கி எழுதினால் பொய் சொன்னதாகுமா?”

“முதலெழுத்துப் போட்டு எழுதுவது நம் நாட்டு வழக்கம்தானே தம்பி. அதில் பொய் என்ன இருக்கிறது? ஏன் கேட்கிறாய்?”

அவர் பதில் சொல்லவில்லை. நமக்கும் புரிந்தது. அவருக்குப் பெயர் சூட்டியவர்கள் நாமே. ‘அப்து’ என்று தொடங்கும் பெயர். அடிமை என்று பொருள். அதன்பின் இறைவனின் திருநாமம் ஒன்று வரும். அதை ஒற்றை எழுத்தாக்கினால் அடிமையும் போகிறான், திருநாமமும் போகிறது. கேட்பவர் ஒன்றை எண்ணிக்கொள்ளும்படி விட்டுச் சொல்பவர் வேறொன்றைக் கருதுவதற்கு நம் நூல்களில் ‘தவ்ரியா’ என்று பெயர். நெருக்கடியில் அதற்கு இடமுண்டு என்று சட்ட நூலார் கூறுவர். ஆகவே மார்க்கத் தீர்ப்பு எளிதாயிருந்தது. ஒருவன் தன் சொந்த நாட்டில் தன் பெயருக்கே தவ்ரியா தேட நேர்ந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

சுருக்கி எழுதினார். அழைப்பு வந்தது. நேர்காணலில் நன்றாகவே பேசினார்களாம். எழுந்து வரும்போது ஒருவர், அந்த முதலெழுத்து எதன் சுருக்கம் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இவர் முழுப்பெயரைச் சொன்னார். பிறகு கடிதம் வரவில்லை. பெயர்தான் காரணம் என்று நாம் சாட்சி சொல்ல முடியுமா? முடியாது. அவரைவிடத் தகுதியானவர் ஒருவர் வந்திருக்கலாம். காரணத்தை யாரும் சொல்லவில்லை. கேட்கும் உரிமையும் அவருக்கில்லை. இந்தத் தெரியாமையே பெரிய தண்டனை. தோற்றவன் தன் குறையைத் திருத்திக்கொள்வான். ஏன் தோற்றோம் என்றே அறியாதவன் எதைத் திருத்துவான்?

ஒருவரின் அனுபவம் சட்டமியற்றப் போதாது என்று யாரேனும் கூறலாம். சரியே. ஆகவே ஆய்வாளர் கண்டதைப் பார்ப்போம். பேராசிரியர் சுக்தேவ் தோரட்டும் அமெரிக்கரான பால் அட்டெவெல்லும் 2005இல் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுபோல் இருக்கும்; பெயரிலிருந்து மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று தெரியவரும். உயர்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்புக் கிட்டும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முடிவுகள் 2007இல் வெளியாயின. முகத்தைப் பார்க்கவில்லை, தாடியைப் பார்க்கவில்லை, முக்காட்டைப் பார்க்கவில்லை. தாளில் ஒரு பெயர் மட்டுமே.

தனியார் வேலைத்தலத்துக்குள் சட்டம் நுழையவே முடியாதா என்றால், பலமுறை நுழைந்திருக்கிறது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான ஊதியம் என்று 1976இல் நுழைந்தது. தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தொழிலிலிருந்து தடுப்பதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016இலும், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு 2017இலும், திருநங்கையர், திருநம்பியருக்கு 2019இலும் வந்த சட்டங்கள் தனியாரையும் தொடுகின்றன. இவையெல்லாம் நல்ல சட்டங்கள், வரவேற்கத்தக்கவை. மதத்தின் பேரால் தனியார் வேலை மறுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் மட்டும் இந்திய நாட்டில் வரவில்லை.

கேட்காமல் விட்டதால் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு 2006இல் சம வாய்ப்பு ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன் வடிவத்தை ஆராய என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு 2008இல் ஒரு வரைவையும் எழுதிக் கொடுத்தது. அது சட்டமாகவில்லை. பதினாறாம் மக்களவையில் சசி தரூர் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த அவையின் ஆயுளோடு அதன் ஆயுளும் முடிந்தது. சச்சார் குழுவின் பேரை மேடைதோறும் முழங்கும் நாம், அதன் இந்த ஒரு பரிந்துரையைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருப்போம்? ஒதுக்கீட்டு விழுக்காட்டைப் பேசினால் கைதட்டல் கிடைக்கிறது. ஆணையம் என்றால் கூட்டம் கொட்டாவி விடுகிறது.

பிற நாடுகளில் சட்டம் கடை முதலாளியின் மேசை வரை சென்றதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அதில் மதமும் ஒரு காரணம். 2008இல் ஓக்லஹோமா மாநிலத்தில் சமந்தா இலாஃப் என்ற பதினேழு வயது முஸ்லிம் பெண் தலைத்துணியோடு ஓர் ஆயத்த ஆடைக் கடைக்கு வேலை கேட்டுச் சென்றாள். நேர்காணலில் தேறினாள், ஆனால் தலைத்துணி கடையின் தோற்ற விதிக்கு ஒவ்வாதென்று மேலாளர்கள் விலக்கிவிட்டார்கள். மத வழக்கம் என்று அவள் எங்களிடம் சொல்லவே இல்லையே என்பது நிறுவனத்தின் வாதம். 2015 ஜூன் முதல் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. அவள் சொன்னாளா என்பதன்று கேள்வி, மத வழக்கத்துக்கு இடங்கொடுப்பதைத் தவிர்க்கும் எண்ணம் மறுப்புக்குத் தூண்டுதலாயிற்றா என்பதே கேள்வி என்றார்கள். மனத்தின் ‘நிய்யத்’தைப் பார்க்கிற தீர்ப்பு! அவளுக்காக வழக்காடியது அந்நாட்டு அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் என்பதே இதில் முக்கியம். பதினேழு வயதுப் பெண் தனியே ஒரு பெரு நிறுவனத்தோடு மோத வேண்டியிருக்கவில்லை.

வட அயர்லாந்தின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பிணங்கி நின்ற மண் அது. அங்கே 1976இலும் 1989இலும் வந்த நேர்மையான வேலைவாய்ப்புச் சட்டங்களின்படி, பத்துப் பேருக்கு மேல் முழுநேர ஊழியர்களை வைத்திருக்கும் தனியாரும் தம்மிடம் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் ஆனார்கள். ஒதுக்கீடு ஏதும் இல்லை. வெறும் கணக்கு. கணக்கு எழுத வேண்டும் என்றதும் முதலாளி தன் கடையைத் தானே ஒருமுறை சுற்றிப் பார்க்கிறான்.

அப்படியொரு கணக்கை நாம் கேட்டால், நம்மவரும் கொடுக்க வேண்டியிருக்கும். தோல் பதனிடும் தொழிலிலிருந்து ஜவுளி, உணவகம், இரும்புக் கடை வரை முஸ்லிம் முதலாளிகள் தமிழ்நாட்டில் நிறைந்திருக்கிறார்கள். பலருடைய கடைகளில் எல்லாச் சமூகத்தாரும் ஒரே தட்டில் உண்டு உழைப்பதை நேரில் கண்டிருக்கிறோம். ‘நம்ம ஊர்ப் பையனா’ என்று மட்டும் கேட்டு ஆள் எடுக்கும் கடைகளையும் கண்டிருக்கிறோம். ஊராருக்கு உதவுவது வேறு, வந்து நிற்பவனைப் பெயர் கேட்டதும் அனுப்பிவிடுவது வேறு. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களைப் பணியாளாக அமர்த்தும்படி தந்தையிடம் கூறிய காட்சியைத் திருமறை சித்திரிக்கிறது. அவர் யார் மகன், எந்தக் கூட்டத்தார் என்று அவள் பேசவில்லை. உடல் வலிமையும் நாணயமும் ஆகிய இரு தகுதிகளைத்தான் எடுத்துக் காட்டினாள். எகிப்திலிருந்து ஓடிவந்த அந்நியர் அவர். தப்ஸீர் பாடத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம், வேலைக்கு ஆள் எடுப்போர் சங்கங்களுக்கு இதை ஒரு பாடமாக வைக்கலாமே என்று நாம் நினைப்பதுண்டு.

டில்லியில் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தொழிலாளர் நலன், வேலைவாய்ப்பு ஆகியவை அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மத்திய சட்டத்தோடு முரண்படாதவரை மாநிலச் சட்டமன்றமும் சட்டம் செய்யலாம். நம் மாநிலத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் துணிக்கடைப் பெண்களுக்காக 2021இல் அதில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். எந்த மத்தியச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. சில வரிகளில் ஆன திருத்தம். கடைக்குள் சட்டம் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு சேர இடமிருக்கிறது. மதம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக வேலை மறுக்கலாகாது என்று ஒரு வாக்கியம். அதில் வினைமுதலாக ‘முதலாளி’ என்ற சொல். மறுக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் முப்பது நாளில் காரணம் எழுத்தில் தர வேண்டும் என்று இன்னொரு வாக்கியம். முறையீட்டை விசாரிக்க மாவட்டத்துக்கு ஓர் அலுவலர். ‘மட்டுமே’ என்ற ஏகாரத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்; மதமும் ஒரு காரணமாயிருந்தது என்றாலே போதும் என்றிருக்க வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் வாக்குக் கேட்டு வருவோரிடம் அடக்கத்தலத்துச் சுற்றுச்சுவரும் ஆழ்குழாய்க் கிணறும் கேட்டு மனு எழுதித் தரும்படி நம்மிடம் வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது, அந்த மனுவின் முதல் பத்தியில் இதையும் எழுதிக் கொடுப்பதாக இருக்கிறோம்.